நெட்டியில் செய்த காரின் கூரை

வாடகைக்கு ஓடிய எங்கள் காரைக் கெடுத்தது சாரல்தான். சீசனில் ஆட்களைக் குற்றாலத்தில் இறக்கிவிட்டு, அருவிக்கரை மரத்தடியில் நாள் முழுக்க நனைந்தபடி நிற்கும். கூரைத் தகரம் துருவேறி, தொட்டால் உதிர்ந்தது. தென்காசியில் புதுத் தகரம் வைத்துத் தரப் பட்டறைகள் இருந்தன. என் கணவர் அங்கே போகவில்லை. ரயிலேறிக் கொல்லத்துக்குப் போய் ஒரு டின்னோடு திரும்பினார்.

"படகுக்குப் பூசுத பிசின். தண்ணி எறங்காது" என்றார்.

"நம்ம காரு என்ன கடல்லயா போவுது?"

அவர் டின்னோடு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். எனக்கு அப்போதே மனசு உறுத்தியது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்தது. மலைக்கு அந்தப்புறம் அரிசி கொண்டுபோகக் கூடாது. செங்கோட்டை தாண்டினால் செக்போஸ்டில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திப் பார்ப்பார்கள். இவரோ வாரா வாரம் மலை தாண்டிப் புனலூருக்குச் சவாரி போகிறவர்.

வீட்டுக்குப் பின்னால் வைத்துப் பழைய கூரையை அறுத்தெடுத்தார். அதையே அச்சாக வைத்து, மேலே மெழுகு தேய்த்து, சாக்குத் துணியைப் பிசினில் தோய்த்து ஒட்டினார். அதன்மேல் கீழப்பாவூர்க் குளத்திலிருந்து கொண்டுவந்த, தக்கைபோல் கனமில்லாத நெட்டித் துண்டுகளை நெருக்கி அடுக்கினார். அதற்கும் மேலே இன்னொரு சாக்கு. பிசின் நெடியில் தலை வலித்தது. இறுகியதும் ஒற்றை ஆளாகவே அதைத் தூக்கிக் கார்மேல் வைத்துத் திருகினார்.

பெயின்ட் காய்ந்ததும் நான் விரலால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் கெட்டியாகக் கேட்டது. ஓரிடத்தில் வெறும் பொந்துபோலக் கேட்டது.

"உள்ள காலியா இருக்கே?"

"நெட்டி அப்படித்தாம்ட்டி கேக்கும். வெயில் தெரியாது பாரு."

இரண்டு சாக்குக்கு நடுவில் நெட்டி மட்டும்தான் இருக்கிறதா? பின்பக்கம் முடிக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. புனலூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி, அடுத்த சவாரியில் நானும் ஏறிக்கொண்டேன்.

பின்சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவளுக்கு நிறைமாத வயிறு. புழுக்கத்திலும் தடித்த சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். செக்போஸ்டில் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து கூரையில் கை வைத்தார். தட்டினார். முகம் மாறியது.

"என்னவே இது, தகரம் இல்லையே? மேல என்னத்த அடைச்சு வெச்சிருக்கீரு?"

"நெட்டி சார். பூமாலைக்கு வெட்டுவாவல்லா, அது."

"காருக்கு நெட்டியா? யாருட்ட கத வுடுதீரு?"

துளை போடும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். அரிசி கொட்டப்போகிறது என்றே நினைத்தேன். துளையிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி, மோந்து, நாக்கிலும் வைத்துப் பார்த்தார். நெட்டிதான். இன்னொரு துளை போட்டார். அதிலும் நெட்டி. பின்சீட்டுக்காரன், "மாசமா இருக்கா சார், எறங்க முடியாது" என்றான். அதிகாரி அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எரிச்சலோடு போகச் சொன்னார்.

இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. புனலூரில் அந்த இருவரும் இறங்கினார்கள். அக்கா வீட்டுக்குப் போகுமுன் பின்சீட்டைத் தட்டிவிட்டேன். மடிப்பில் பச்சரிசி சிதறிக் கிடந்தது.

நான் கேட்டதற்கு அவர், "ஏறுதவ வயித்தையா நான் தடவிப் பாக்க முடியும்?" என்றார். நியாயமான பதில்தான். எனக்கு அது போதவில்லை. இனி எல்லாப் புனலூர்ச் சவாரிக்கும் வருவேன் என்றேன். "தாராளமா வா" என்று உடனே சொல்லிவிட்டார். அப்படிச் சட்டென்று ஒத்துக்கொள்கிற மனுஷனே இல்லை அவர்.

அதன்பிறகு நான் முன்சீட்டில் இருந்த எந்த நாளிலும் வயிற்றுப் பிள்ளைக்காரி யாரும் ஏறவில்லை. செக்போஸ்டில் மட்டும் புது ஆட்கள் வரும்போதெல்லாம் கூரையைத் தட்டி, துளைகளை அடைத்த இடத்தைச் சுரண்டி நேரத்தைப் போக்கினார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் நான் போகவில்லை. அவர் திரும்பி வந்ததும் எழுந்துபோய்ப் பின்சீட்டைத் தடவினேன். விரலில் அரிசி ஒட்டியது.

கையை அப்படியே நீட்டிக் காட்டினேன். "செக்போஸ்டுக்காரவிய மேலயே பாத்துக்கிட்டு நிக்கணும்னுதான் இப்படியொரு கூரை செஞ்சியளா?"

அவர் என் விரலிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டார்.

"துருப்புடிச்சுது, செஞ்சேன். அவிய மேல பாத்தா நான் என்ன செய்ய?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கன சனங்க கஞ்சிக்கு அலையுது. ஒங்க அக்கா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார்.

முதல்முறை போனபோதே அக்கா வீட்டில் எனக்குச் சோறு போட்டிருந்தார்கள். அந்த அரிசி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போது அவரிடமும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.