ஒன்பது டப்பாவும் ஒரு சம்பந்தியும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஹாலில் கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கப் பழைய பேப்பர். பேப்பர் மேல் வேர், பட்டை, தண்டு... அப்புறம் காய்ந்த பழம் மாதிரி ஏதோ ஒன்று. நடுவில் முறத்தோடு நான்.

என் வீட்டுக்காரர் ரூமை விட்டு வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாம்மா இது? மருந்துக்கடை வைக்கப் போறியா?"

"சம்பந்தியம்மாவுக்கு. நீங்க வியாழக்கிழமை மெட்ராஸ் போறீங்கல்ல... நீங்கதான் கொண்டுபோகப் போறீங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். என் மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். தை மாதம் அவளோடு அவள் மாமியாரும் யாங்கோனைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் வீடு க்யிம்யிண்டைங்கில், நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. முதல் நாள் மேலே ஏறி வந்த சம்பந்தியம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

எனக்கும் அதே முழங்கால் வலிதான். லத்தா என்கிற பேட்டையில், சீனத் தெருவில் ஒரு மருந்துக்கடையில் நாடி பார்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம். கொதிக்கவைத்து, வடிகட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். வீட்டில் என் பொட்டலங்கள் இருந்தன. விருந்தாளிக்குக் காபி கொடுப்பது போல அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். பத்தாம் நாள் அவர் நாலு மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறினார். ஊருக்குப் போகும்போது மிச்சமிருந்ததையும் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது அவரிடமிருந்து ஃபோன். "அண்ணி, அந்தக் கஷாயப் பொட்டலம் ஒரு முப்பது அனுப்ப முடியுமா? இங்க மாடிப்படியைப் பார்த்தாலே பயமா இருக்கு."

சம்பந்தி கேட்டால் முடியாது என்று சொல்லிவிட முடியுமா? பெண்ணைக் கொடுத்த வீடு. நிலாவைக் கேட்டாலும் "எந்த சைஸ் வேணும் அண்ணி?" என்றுதானே நம் வாயில் வரும்!

கடைக்குப் போனேன். "போன தடவை மாதிரியே, முப்பது" என்றேன். கடைக்காரர் நோட்டில் என் பெயரைப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார். வீட்டு வாசலில் இருந்து, இங்கே எல்லா மாடியிலும் சாமான் இழுக்கத் தொங்கவிடுகிற பால்கனிக் கயிற்றில் கட்டி, மேலே இழுத்தாயிற்று.

அதற்கப்புறம்தான் எனக்கு யோசனை ஓடியது. முப்பது பிரவுன் பொட்டலம். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பில் சீன எழுத்து. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தால் என்ன நினைப்பார்கள்? போதாக்குறைக்கு, உள்ளே தூசி. பூச்சி வந்தால்? சம்பந்தி வீட்டுக்குப் பூச்சி விழுந்த சாமானை அனுப்பலாமா?

ஆக, ஒரு நல்ல தமிழ்க் குடும்பத்தலைவி என்ன செய்வாளோ அதைச் செய்தேன். முப்பதையும் பிரித்தேன். முறத்தில் போட்டுப் புடைத்தேன். வேர் தனியாக, பட்டை தனியாகப் பொறுக்கினேன். பால்கனியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஒன்பது காபித்தூள் டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டினேன். வேர் ஒன்று. வேர் இரண்டு. வேர் (வளைந்தது). பட்டை. பொட்டலத்துக்குள் இருந்த சீட்டை? சீனத்தில் எழுதியது நமக்கு எதற்கு என்று குப்பையில் போட்டுவிட்டேன்.

எத்தனை சுத்தம், எத்தனை ஒழுங்கு! டப்பாக்களை வரிசையாக வைத்து நானே ஒரு நிமிடம் ரசித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் 'பட்டை' டப்பாவைத் திறந்தார். அவருக்கு அலோன் வார்ஃப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. கப்பலில் எது போகலாம், எது போகக் கூடாது என்பதுதான் அவர் பிழைப்பு. உள்ளே இருந்து ஒரு சில்லை எடுத்தார். கரும் பழுப்பு, லேசாக வளைந்து, பெரிய நகம் மாதிரி.

"இது பட்டை இல்ல."

"பின்ன?"

"எறும்புத்தின்னி செதில். எங்க ஆபீஸ் சுவத்துல இந்தப் படம் ஒட்டியிருக்கு. இதைக் கொண்டுபோனா ஜெயில்."

இரண்டு வாரம் எறும்புத்தின்னியையா குடித்தோம்? நான் வெள்ளிக்கிழமை முட்டை கூடத் தொடாதவள்! சம்பந்தியம்மா சுத்த சைவம். பூண்டுக்கே யோசிப்பவர்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் ஆபீஸில் விசாரித்தார். ஒருவர், செடி கொடி என்றால் சர்டிஃபிகேட் வேண்டும் என்றார். இன்னொருவர், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அது பார்க்கிற ஆபீசரைப் பொறுத்ததாம். மூன்றாமவர், இந்தப் பக்கம் விட்டாலும் அந்தப் பக்கம் விட வேண்டுமே என்றார். ஏர்லைன் ஆபீஸுக்கு ஃபோன் போட்டால், இந்தியாவில் கேளுங்கள் என்றார்கள். இந்தியாவில் யாரை? அது அவர்களுக்குத் தெரியாது. கடையில் காசு கொடுத்து வாங்கின சாமான், விமானத்தில் ஏறினால் குற்றமா? குற்றம் என்றால் ஏன் கடையில் விற்கிறார்கள்? கேட்கக் கேட்கக் குழப்பம்தான் ஏறியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே, ஒன்பது டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போய்விட்டேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். மருத்துவம் தெரிந்தவரை இங்கே 'ஸயா' என்போம். அவர் என்னை 'அமா' என்பார், அதாவது அக்கா. பேச்செல்லாம் பர்மியத்தில்தான். டப்பாக்களை மேஜையில் அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். லேபிளைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "வேர் (வளைந்தது)" என்று மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அமா, யார் உங்களை இதைப் பிரிக்கச் சொன்னது?"

"பூச்சி வரக் கூடாதுன்னு..."

"சீட்டு?"

நான் டப்பாவைப் பார்த்தேன்.

முதலில் எறும்புத்தின்னியைப் பற்றிக் கேட்டேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்தச் சில்லை எடுத்து என் கண் முன்னால் ஒடித்தார். இரண்டு துண்டுக்கும் நடுவில் வெள்ளை வெள்ளையாக நூல் இழுத்தது. "மரப்பட்டை. ஒடித்தால் நூல் வரும். செதிலில் வருமா? அதெல்லாம் விற்கக் கூடாது அமா. நான் விற்பதும் இல்லை."

அப்பாடா! எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் விடவில்லை. 'வேர் ஒன்று', 'வேர் இரண்டு' இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். "வெயிலில் வாசனை போய்விட்டது. இந்த மாதிரியே இருக்கிற வேறொரு வேர் இருக்கிறது, அது கிட்னியைக் கெடுக்கும். அதனால்தான் தெரிந்த ஆளிடம் மட்டும் வாங்கி, நானே பார்த்து நிறுத்துக் கட்டுகிறேன். இப்போது நீங்கள் என்னத்தை எதோடு சேர்த்தீர்கள் என்று எனக்கே தெரியாது. இதைக் குடிக்காதீர்கள்."

"நான் குடிக்கப் போறதில்லை ஸயா. ஊருக்கு அனுப்பப் போறேன். சம்பந்தியம்மாவுக்கு."

அவர் டப்பாவை மூடினார். "இது உங்கள் நாடிக்குக் கட்டினது. அவர் நாடியை யார் பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை.

"வயசு என்ன? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? இந்த வளைந்த வேர் ரத்தத்தை ஓட வைக்கும். அந்த மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் ஆபத்து."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லை, நல்லா இருக்காங்க."

"கேட்டீர்களா?"

எப்படிக் கேட்பது? சொல்லுங்கள். சம்பந்தியிடம் போய் "உங்களுக்கு என்ன வியாதி?" என்று எவளாவது கேட்பாளா? 'கல்யாணத்தப்ப எதையாவது மறைச்சீங்களா?' என்று கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? இரண்டு வாரம் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் ஒரு தடவை கூட என் எதிரில் மாத்திரை போட்டதில்லை. அந்த ரூம் பக்கம் நானும் எட்டிப் பார்த்ததில்லை. அதுதானே மரியாதை!

வீட்டுக்கு வந்து, கரண்ட் வருகிற நேரம் பார்த்து ஃபோன் போட்டேன். வெயில், மழை, பேத்தியின் ஸ்கூல்... எல்லாம் பேசினேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டேன்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"பொண்ணு ஏதாவது சொன்னாளா?" என்றார்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மருந்துக்கடையில கேட்டாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு அண்ணி. கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாடி. வர்ற பொண்ணு மாமியாரைப் பாத்துக்கறதுக்கே வாழ்க்கையைக் கழிக்கணுமோன்னு நீங்க பயந்துட்டா... அதான் சொல்லல."

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. "அப்ப இங்க வந்தப்ப ரெண்டையும் சேர்த்தா குடிச்சீங்க?"

"சேச்சே, அது தெரியாதா எனக்கு? இங்கிலீஷ் மருந்தையும் நாட்டு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. கஷாயம் குடிச்ச வரைக்கும் மாத்திரையை நிறுத்திட்டேன்."

"எந்த மாத்திரையை?"

"அதான்... ஸ்டென்ட்டுக்குக் குடுத்ததை. இப்பவும் நேத்திலேருந்து நிறுத்தியாச்சு. அண்ணன் வியாழக்கிழமை வர்றார்ல? உடம்பைக் காலி பண்ணி வச்சாத்தானே மருந்து பிடிக்கும்?"

எறும்புத்தின்னிக்காக ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்தேனே... எறும்புத்தின்னியா ஆபத்து? நான் காபி மாதிரி நீட்டிய டம்ளரை வாங்கி, உயிரைக் காக்கிற மாத்திரையை ஓரமாக வைத்த ஒரு மனுஷி என் வீட்டிலேயே இரண்டு வாரம் படியேறி இறங்கியிருக்கிறார். நான் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கத்திவிட்டேன். ஆமாம், சம்பந்தியிடம்தான். "அண்ணி, இந்த நிமிஷமே டாக்டருக்கு ஃபோன் போடுங்க! பொண்ணைக் கூப்பிடுங்க. கஷாயமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!" வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து ஓடி வந்தார், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று.

என் மகள் அன்று சாயங்காலமே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லி, அவரைத் திட்டியது போதாதென்று எனக்கும் ஒரு பங்கு திட்டு சொல்லியனுப்பினார். முழங்காலுக்குத் தனியாக ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சம்பந்தியம்மாவே ஃபோன் செய்தார். "கோபமா அண்ணி?"

"இல்லை அண்ணி." அதோடு நிறுத்தாமல் சொன்னேன். "எனக்குச் சர்க்கரை இருக்கு. ஆறு வருஷமா. நானும் சொல்லலை."

"ஐயோ! வளைகாப்பன்னிக்கு மூணு லட்டு வச்சேனே!"

"மூணையும் சாப்பிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கும்தான் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

ஒன்பது டப்பாவும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. குப்பையில் போடலாமா, அதற்கும் ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று தெரியவில்லை. மூலிகையை விமானத்தில் கொண்டுபோகலாமா கூடாதா என்பதும் இந்த வரியை எழுதுகிற வரை எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் கிளம்பினார். சம்பந்தி வீட்டுக்கென்று நான் கொடுத்தனுப்பியது ஒரே ஒரு காகிதம்தான். நான் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர்கள், எந்த வேளைக்கு எது என்று. திரும்பி வரும்போது அங்கிருந்து அதே மாதிரி ஒன்று வரும்.

பத்துப் பொருத்தமும் பார்த்துத்தான் கல்யாணம் முடித்தோம்... மாத்திரைப் பொருத்தம் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!