ஒரு யெஸ்ஸும் ஒழுகுகிற சுடுதண்ணீர்த் தாங்கியும்

போன கிழமை எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர்த் தாங்கி ஒழுகத் தொடங்கியது.

நோபல் பார்க் என்கிற எங்கள் பகுதியில் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும் — உடுப்புத் தோய்க்கிற லோண்டரி அறைக்கு வெளியே, சுவரோடு ஒட்டி, ஆள் உயரத்தில் ஒன்று நிற்கும். காஸில் ஓடுவது. சுடுதண்ணீர் வரும் வரைக்கும் அதை யார் திரும்பிப் பார்க்கிறோம்? உடுப்புக் காயப்போடப் போய், செருப்பு நனைந்த பிறகுதான் நானும் பார்த்தேன்.

இவருக்கு — என் வீட்டுக்காரருக்கு — தோளில் ஒப்பரேஷன் செய்து ஒரு மாதம். காலையில் சுடுதண்ணீர் விட்டால்தான் கை மேலே எழும்பும். தாங்கி நின்றால் அன்றைக்கு அவர் சட்டை போடுவதும் நின்றுவிடும்.

சிட்னியில், கெல்லிவில்லில் இருக்கிற மகனுக்குப் போன் எடுத்தேன்.

"எத்தினை வருஷப் பழசம்மா அது?"

"நாங்கள் வீடு வாங்கேக்கையே இருந்தது."

"அப்ப யோசிக்க என்ன இருக்கு? புதுசைப் போடுங்கோ. நான் பிளம்பரோடை கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

அந்தக் கடைசிச் சொல்தான்... நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அதற்காக, என் வீட்டுத் தாங்கியைப் பற்றிக்கூட நான் வாய் திறக்கக் கூடாதா? "வேண்டாம், நானே பாக்கிறன்" என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பிளம்பர் வந்தார். நிக் என்று பெயர், கிரேக்க ஆள். தாங்கியைச் சுற்றி வந்தார், தட்டினார், ஒரு வால்வைத் திருகிப் பார்த்தார். ஒழுகுவது வால்வு, அதை மாற்றலாம் என்றார். ஆனால் தாங்கி பழசு, எவ்வளவு காலம் போகும் என்று தெரியாது. புதுசு ஒன்று அவருடைய வாகனத்திலேயே இருக்கிறது. "அப் டு யூ" என்றார். என் இஷ்டமாம்.

நான் பழைய தாங்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரே கேட்டார்: "சோ, யூ டோன்ட் வாண்ட் எ நியூ வன்?"

புதுசு வேண்டாம், அப்படித்தானே? அப்படித்தான். நான் "யெஸ்" என்றேன்.

"யெஸ்?"

"யெஸ், யெஸ்."

பெரிய வேலை முடித்தவள் போல உள்ளே போய்த் தேத்தண்ணீருக்குக் கேத்தலைப் போட்டேன். குசினி யன்னலால் பார்க்கிறேன் — நிக் வாகனத்திலிருந்து ஆள் உயரப் பெட்டி ஒன்றை இறக்குகிறார். பழைய தாங்கியிலிருந்து தண்ணீர் ஹோஸ் வழியாக ஓடுகிறது.

இவரிடம் ஓடினேன். "இஞ்சருங்கோ, அந்தாள் புது டாங்கை இறக்குது."

"நீர் என்ன சொன்னனீர்?"

"புதுசு வேண்டாமோ எண்டு கேட்டார். யெஸ் எண்டனான்."

கதிரையில் இருந்தபடி, தோள் நோக நோகச் சிரித்தார். "அதுக்கு இவங்களுக்கு நோ எண்டெல்லோ சொல்லோணும். யெஸ் எண்டால் வேணும் எண்டாக்கும்."

"போய்ச் சொல்லுங்கோவன்."

"நானே பாக்கிறன் எண்டு மகனிட்டைச் சொன்னது ஆர்? போம், போய்ப் பாரும்."

யோசித்துப் பாருங்கள். "சாப்பிடேல்லையோ?" என்று கேட்டால் நாங்கள் "ஓம்" என்கிறோம், சாப்பிடவில்லை என்ற அர்த்தத்தில். எங்கள் ஓம், கேட்கிற ஆளுக்குச் சொல்வது. அவர்களுடைய யெஸ், விஷயத்துக்குச் சொல்வது. இத்தனை வருஷத்தில் எத்தனை பேருக்கு இப்படிப் பிழையான யெஸ் கொடுத்தேனோ!

வேறு நாளென்றால் பேசாமல் விட்டிருப்பேன். கடையில் வேறு மரக்கறியைத் தந்துவிட்டாலும் கொண்டுவந்து சமைக்கிறவள் நான். ஆனால் இது மகனிடம் பொறுப்பெடுத்த விஷயம். வெளியே போனேன்.

"நிக், ஸ்டொப். மை யெஸ் இஸ் நோ."

"யுவர் யெஸ் இஸ் நோ?"

"யெஸ்" என்றேன்.

அவர் பெட்டியில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். நான் பழைய தாங்கியைக் காட்டி, வால்வைக் காட்டி, புதுப் பெட்டியைப் பார்த்துக் கையை விரித்தேன். விளங்கியதும் அவருக்கும் சிரிப்பு. கோபமில்லை. ஆனால் "கம், லுக்" என்று கூப்பிட்டார்.

தாங்கியின் அடி மூடியைக் கழற்றியிருந்தார். டோர்ச் அடித்தார். நான் குனிந்து பார்த்தேன். அடித் தகடு துருப்பிடித்து ஊதிப்போயிருந்தது. விரலால் தொட்டேன், பொருபொருவென்று உதிர்ந்தது. வால்வுக்கு மறுபக்கத்திலும் ஈரம். மூடியிருந்தபோது இது தனக்குத் தெரியவில்லை என்றார். வால்வை மாற்றலாம், அடியை ஒட்ட முடியாது. நாளைக்கே அடி விட்டுப்போகலாம், ஆறு மாதம் தாங்கவும் கூடும்.

உண்மையைச் சொல்கிறேன். மகன் புதுசு என்றதால்தான் எனக்குப் பழசு பிடித்திருந்தது. அது தாங்கிக்கு எப்படித் தெரியும்? ஒரு காலையில் அது அடிவிட்டுப் போனால், கை தூக்க முடியாமல் நிற்கப்போவது மகனுமில்லை, நானுமில்லை.

நிக் இந்த முறை கவனமாகக் கேட்டார்: "ரிப்பேர்? ஓர் நியூ?"

"நியூ" என்றேன். சந்தேகம் வேண்டாமென்று பெட்டியில் கையையும் வைத்துக் காட்டினேன்.

பின்னேரம் மகன் போன் எடுத்தான். "புதுசு போட்டாச்சாம், அப்பா சொன்னவர். பாத்தீங்களே, நான் சொன்னதைக் கேட்டது நல்லதாப் போச்சு."

"நீ சொன்னதை நான் கேக்கேல்லை ராசா. டாங்கின்ரை அடியைப் பாத்தனான்."