சம்படத்தில் வைத்த பட்டர் ஐஸிங்

வெண்ணெய் உருகும் மணமும், அதில் முருங்கைக்கீரை பொரிகிற மணமும், அடியில் சர்க்கரை கருகுகிற கசப்பு நெடியும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஒன்பது வயதில், ஸ்ரீரங்கத்தில் எங்கள் கூட்டுக் குடும்பத்தின் சமையலறையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை முகர்ந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது அதைக் கிளறிவிட்டது என் கைப்பேசி. கேக் மேல் பூசுகிற பட்டர் ஐஸிங்கை முன்கூட்டியே செய்து வைப்பது எப்படி என்று ஒரு பெண்மணி அதில் சிரித்த முகமாக விளக்குகிறார். காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், வெங்காயம் பூண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், எடுத்து வெளியே வைத்து இளகியதும் மறுபடி நன்றாக அடித்துக்கொள்ளுங்கள் என்கிறார். எல்லாம் சரிதான். அந்த ஃப்ரிட்ஜ் யாருடையது என்று மட்டும் ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

என் அம்மா இதையெல்லாம் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவள். கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரே ஒரு மாதம் கேக் வகுப்புக்குப் போனதை வைத்துக்கொண்டு, முட்டை நுழையாத எங்கள் வீட்டில், குக்கரில் மணலைப் பரப்பி, முட்டையில்லாத கேக்கை உப்ப வைப்பாள். அதை எங்கேயோ ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்த திருவானைக்கோவில் டாக்டரம்மா ஒருவர், தன் மகன் பிறந்தநாளுக்கு அம்மாவே செய்து தர வேண்டும் என்று ஆளனுப்பிக் கேட்டார். கல்யாணமாகி வந்த பிறகு, வெளியார் ஒருவர் அம்மாவைத் தேடி அவள் கைவேலையைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வாரம் முழுக்க அவள் நடையே மாறியிருந்தது.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஞாயிறு என்றால் எங்கள் குடும்பக் கடைக்குப் போகிற ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மூன்று மணி வரை அடுப்பு பெரியம்மாவின் ஆளுகையில் இருக்கும். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. அதனால் அம்மா வியாழக்கிழமையே ஐஸிங்கைச் செய்து வைத்துவிட முடிவெடுத்தாள். முசிறியிலிருந்து என் மாமா பஸ்ஸில் ஒரு தூக்கு நிறைய எருமை வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊர் வெயிலில் வெண்ணெய் ‘கொழகொழ’வென்று ஆகிவிடும் என்று அம்மா பாத்திரத்தைப் பச்சைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, மிக்ஸியில் பொடித்த சர்க்கரையை மல் துணியில் சலித்துச் சலித்துப் போட்டு, கை ஓய்ந்து போகும்வரை மரக்கரண்டியால் அடித்தாள். கடைசியில் இரண்டு சொட்டு வெனிலா எசென்ஸ். மூடி இறுக்கமான எவர்சில்வர் ‘சம்படம்’ ஒன்றில் அதை வழித்துப் போட்டாள்.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கூடத்தில் இருந்தது. அதற்குப் பூட்டு உண்டு, சாவி பெரியம்மாவின் இடுப்பில். அவர் திறந்துவிட, அம்மா சம்படத்தைக் கீழ்த்தட்டில் வைத்து, “ஞாயித்துக்கிழமை கேக்குக்குங்க அக்கா, அன்னைக்கு எடுத்துக்கறேன்” என்றாள். பெரியம்மா “ம்” என்றார். நான் பக்கத்தில் நின்றேன். என் இரண்டு காதால் கேட்டேன்.

சனிக்கிழமை காலையில் கேக்கைச் செய்து மூடி வைத்துவிட்டு, அம்மா மெழுகுவர்த்தி வாங்கத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தாள். பெரியம்மா சம்படத்தை எடுத்துத் திறந்து முகர்ந்தார். வெண்ணெய் என்றால் தண்ணீரில் மிதக்க வேண்டும், வாரம் ஒருமுறை உருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தண்ணீரில்லாமல் கிடந்ததும் எசென்ஸ் மணமும் சேர்ந்து அது ‘சிக்குவாடை’ என்று அவருக்குப் பட்டது. கெட்டுப்போவதற்குள் நெய்யாக்கிவிடலாம் என்று, வாசனைக்குப் போட முருங்கைக்கீரையை உருவி வைத்துக்கொண்டு, வாணலியை அடுப்பில் ஏற்றினார். வேண்டுமென்றே செய்தார் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் ஓடிப்போய்ச் சொன்னேன். “பெரியம்மா, அது அம்மாவோடது.”

அவர் சம்படத்தைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “இந்த வீட்டுல அம்மாவோடது, பெரியம்மாவோடதுன்னு தனித்தனியா என்னடி இருக்கு? எல்லாம் பொதுதான்.”

எல்லாம் பொதுவாம், சாவியைத் தவிர.

அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. சர்க்கரை அடியில் பிடித்துக் கருத்தது. புகை கூடம் வரை வந்தது. மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு அம்மா வாசலில் வந்து நின்றபோது, வீடே கூடி ஒரு சாவைப் போல அந்த வெண்ணெய்க்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தது. “நல்ல வெண்ணெயில சர்க்கரையக் கொட்டி வெச்சா யாருக்குத் தெரியும்? அவ்வளவும் வீணாப்போச்சே” என்றார், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பாவோடு கடையிலிருந்து வந்திருந்த பெரியப்பா. அது முசிறி வெண்ணெய், அவர் வீட்டு வெண்ணெயே இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியும். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “சரி விடு, கேக்குதானே” என்றார். பெரியம்மாவைக்கூட நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன், அப்பாவின் அந்த மூன்று வார்த்தைகளை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அம்மா அழவில்லை. “எம்மேலதான் தப்புங்க அக்கா, சொல்லி வெச்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டு, வாணலியைத் தேங்காய் நாரால் தானே தேய்த்தாள். சொல்லித்தான் வைத்தாள். கேட்ட சாட்சி நான் ஒருத்தி இருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மொட்டைக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் என்னோடு போனாள். டாக்டரம்மா நல்ல மனுஷி. “பரவாயில்லைங்க, இப்படியும் நல்லாத்தான் இருக்கும்” என்றார். அடுத்த வருஷமும் மறக்காமல் ஆளனுப்பினார். “அதெல்லாம் விட்டுட்டேங்க” என்று அம்மா வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் கேக் செய்ததை நான் பார்க்கவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. பாகம் பிரித்து, இடித்து, நாலு மாடி கட்டிவிட்டார்கள். பெரியம்மா போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போனார், ஃப்ரிட்ஜைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோனான், சாவி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அம்மா எட்டு வருஷமாகத் தில்லைநகரில் என்னோடுதான் இருக்கிறாள். என் சம்பாத்தியத்தில் வாங்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ், பூட்டு கிடையாது. ஆனாலும் ஒரு கிண்ணம் மோரென்றாலும், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தென்றாலும், என்னிடம் வந்து, “இதை உள்ள வெச்சுக்கட்டுமாடி?” என்று கேட்காமல் அவள் வைப்பதில்லை. கோபித்தும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். போன வாரம், அவள் கேட்டது காதில் விழாததுபோல் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூடிய கதவுக்கு முன்னால் அம்மா அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.