ஒரே நிறச் சேலையும் ஒரு ஊக்கும்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆவணி மாதத்தில் நடந்தது இது. முதலிபாளையம் பக்கம் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தைத்து வரும் உடுப்புகளில் மிச்சம் தொங்குகிற நூலை வெட்டுவதுதான் என் வேலை. ஐந்தாவது வரை படித்தவளுக்கு, அதிலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவளுக்கு, அது தோதான வேலை. குனிந்த தலை நிமிராமல் பொழுதை ஓட்டிவிடலாம்.

அந்த வாரம் வெளிநாட்டுக்குப் போகிற கைக்குழந்தை உடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து கால்விரல் வரை மூடுகிற உடுப்பு. பாதத்துக்கும் உறை மாதிரி சேர்த்துத் தைத்திருக்கும். என் இரண்டு விரல் நுழையும், அவ்வளவுதான் அந்தப் பாதம்.

எங்களுடன் தைத்த ஒரு பெண்ணுக்கு அந்த வாரம் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு; இது நடந்தது அன்றைக்குத்தான். இப்போதெல்லாம் கூடப் பழகினவர்கள் ஒரே நிறத்தில் சேலை கட்டி மேடையில் போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எங்கள் ஆட்களும் மயில் நீலத்தில் சேலை எடுத்தார்கள், எனக்கும் சேர்த்து. வேண்டாம் என்று சொல்லவும் எனக்குக் கூச்சம்.

வேலை முடிந்து நேராக மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. அதனால் காலையிலேயே கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். வழுக்குகிற துணி அது. நூல் சேலையை இழுத்துச் செருகியே பழகின எனக்குத் தோளில் நிற்கவில்லை. சிவகாசிப் பக்கமிருந்து வந்து எங்களுடன் தைக்கிற ஒரு பெண், கம்பெனிக்கு எதிரே பேக்கரி ஓரமாக என்னை நிறுத்தி, சாயங்காலம் எப்படி இருக்கும் என்று காட்ட, மடிப்பு எடுத்து மூன்று ஊக்குக் குத்திவிட்டாள்.

"ஆடாம நில்லுங்க பாட்டி. இன்னைக்குப் பொண்ண விட்டுட்டு எல்லாரும் உங்களத்தான் பாக்கப் போறாங்க."

பேக்கரிக் கண்ணாடியில் பார்த்தேன். மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக அச்சு மாதிரி படிந்திருந்தது. அறுபத்தெட்டு வயதில் என்னை நானே இரண்டாம் தடவை திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

கம்பெனிக்குள் ஊக்கு, ஹேர்பின் எதுவும் கூடாது. பிள்ளைகள் உடுப்பில் இரும்பு சேர்ந்துவிடும் என்று பயம். தையல் ஊசி உடைந்தால்கூட, துண்டுகளைத் தேடி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டின பிறகுதான் அந்த மிஷின் மறுபடி ஓடும். பெண்கள் எல்லாரும் வாசலிலேயே ஊக்குகளைக் கழற்றிப் பையில் போட்டார்கள். நான் இரண்டைக் கழற்றினேன். மூன்றாவதையும் எடுத்தால் மடிப்பு சரிந்துவிடும். வாசலில் சோதனைக்கு நின்ற அம்மா, "எல்லாம் எடுத்தாச்சுங்களா?" என்றார். "ஆச்சுங்க" என்றேன்.

மூன்று மணி டீக்குப் போகும்போது முந்தானை நழுவியது. தோளைத் தொட்டுப் பார்த்தேன். ஊக்கு இல்லை.

முதலில் சேலையை உதறினேன். பிறகு உட்கார்ந்த இடம், மேசைக்கு அடி, நூல் குப்பை போடும் கூடை, போய்வந்த வழி எல்லாம் தேடினேன். எங்கேயும் இல்லை. அப்போதுதான் என் கைப்பழக்கம் நினைவுக்கு வந்தது. உடுப்பை முதலில் உள்பக்கமாகத் திருப்பி வைத்து நூல் வெட்டுவேன். வெட்டினதைத் தோளில் போட்டுக்கொள்வேன், பிள்ளையைப் போடுகிற மாதிரி. பத்து சேர்ந்ததும் எடுத்து, வெளிப்பக்கம் திருப்பி அடுக்குவேன். அதே தோள்தான். ஊக்கு திறந்துகொண்டு உள்பக்கத் துணியில் மாட்டியிருந்தால், திருப்பும்போது அது உடுப்புக்கு உள்ளே போயிருக்கும்.

காலையிலிருந்து நான் வெட்டின அத்தனையும் மடித்துப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் டேப் ஒட்டும் சத்தம் சர்ரென்று கேட்கும். ஐந்து மணிக்கு வேன் வரும்.

சிவகாசிப் பெண்ணிடம் மட்டும் காதோடு சொன்னேன். அவளுக்கு முகம் மாறிவிட்டது.

"வாய மூடிட்டு இருங்க பாட்டி. சரக்கு போற பெரிய கம்பெனில இரும்பு கண்டுபிடிக்கிற மிஷின் இருக்கு. அது பாத்துக்கும்."

மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். சொன்னால் வேலை போகும். பொய் சொன்னது ஊருக்கே தெரியும். கிழவிக்கு இந்த வயதில் மினுக்கு கேட்கிறது என்பார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே அடுத்த உடுப்பை எடுத்தேன். அந்தப் பாதத்துக்குள் என் விரல் தானாக நுழைந்தது. மிஷின் தவறவிட்டால்? எங்கோ ஒரு தாய் இதைப் பிள்ளைக்குப் போட்டுவிடுவாள். பிள்ளை வீரிட்டு அழும். பசிக்கிறது என்று பாலைக் கொடுப்பாள். அழுகை நிற்காது. தோளில் போட்டுத் தட்டுவாள். தட்டத் தட்ட ஊக்கு இன்னும் இறங்கும். குழந்தைக்கு வாயில்லை. எனக்கு இருக்கிறது.

வேன் பின்வாங்கி வந்து வாசலில் நின்றது. நான் எழுந்து சூப்பர்வைசரிடம் போனேன். சேர்ந்த நாளிலிருந்து அவரிடம் நானாகப் போய்ப் பேசினதே கிடையாது.

"ஏனுங்க ஆத்தா, மேலுக்குச் சரியில்லீங்களா?"

"இல்லீங்க தம்பி. என்ற சேலையில ஒரு ஊக்கு இருந்துச்சுங்க. இப்பக் காணமுங்க."

"காலையில வாசல்ல கேட்டிருப்பாங்களே?"

"கேட்டாங்க. பொய் சொல்லிப்போட்டனுங்க."

அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அடுக்கியிருந்த பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வேன்காரரை இருக்கச் சொல்லிவிட்டு, "எல்லாப் பொட்டியும் பிரிங்க" என்றார்.

மயில் நீலச் சேலைகள் எல்லாம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தன. ஒவ்வொரு உடுப்பாக விரித்து, கைக்குள், காலுக்குள், பாதத்துக்குள் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். மண்டபத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. போட்டோக்காரர் கேட்கிறார், எங்கே இருக்கிறீர்கள் என்று. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத்தன வருசமா ஒரு வார்த்த பேசாதவுக," என்றாள் சிவகாசிப் பெண், உடுப்பை உதறிக்கொண்டே. "இன்னைக்குப் பாத்தா உங்களுக்கு வாய் வரணும்?"

ஆறு மணி தாண்டியும் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல் பார்த்தாகிவிட்டது. ஒருவேளை ஊக்கு ரோட்டிலேயே விழுந்திருக்குமோ, இத்தனை பேர் ஆசையில் மண் போட்டுவிட்டேனோ என்று ஒரு பயம். உள்ளேதான் இருக்குமோ என்று இன்னொரு பயம். எது நடந்திருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

"ஸ்" என்றாள் பக்கத்தில் இருந்த சிவகாசிப் பெண்.

அவள் விரல் ஒரு உடுப்பின் பாதத்துக்குள் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்தாள். நுனியில் ஒரு பொட்டு ரத்தம். உடுப்பை உள்பக்கம் திருப்பினாள். கட்டைவிரல் வருகிற இடத்தில், வாயைத் திறந்தபடி, ஊக்கு துணியில் கோத்துக்கொண்டிருந்தது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் போய், அவள் கண்ணில் நான் பட்ட பயம் இருந்தது. அவளுக்கும் ஊரில் அம்மாவிடம் விட்டுவந்த கைக்குழந்தை ஒன்று உண்டு.

சூப்பர்வைசர் அந்த ஊக்கை, உடைந்த ஊசி ஒட்டுகிற நோட்டிலேயே ஒட்டினார். பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் போட்டேன். வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து வெட்டினதை நான் தோளில் போடுவதில்லை.

மண்டபத்துக்குப் போனபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணே எங்களை இழுத்து நிறுத்தி, போனில் ஒரு படம் எடுத்தாள். எல்லாரும் மடிப்பு எடுத்துக் குத்தியிருக்க, நான் மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறேன். சிவகாசிப் பெண் தன் ஊக்கு ஒன்றை நீட்டித்தான் பார்த்தாள். என் தோள் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் பஸ்ஸில் எங்காவது ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதால், பசியாக இருக்கும் என்று சும்மா இருக்க என்னால் முடிவதில்லை. கூச்சத்தை விட்டு எழுந்துபோய், உடுப்பைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்க கண்ணு என்று முன்பின் தெரியாத தாயிடம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன்.