உலகம் சுற்றி வந்தவரின் பயம்

கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்காரர் ஓடிவந்து, "பாய், உடுமலையிலிருந்து போனுங்க. சென்னியண்ணன் மக ஊட்டுக்குப் போன எடத்துல நெஞ்சு வலியில போயிட்டாருங்களாம்" என்றார். "சும்மா இருய்யா, முந்தாநேத்துத்தானே வந்து பெட்டிக்குப் பூட்டு மாத்திக்கிட்டுப் போனாரு" என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். சேதி சொல்ல வந்தவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது! ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினேன்.

இதைப் படிக்கிற உங்களில் பலர் சென்னியப்பனோடு நூற்பாலை எந்திரங்களைப் பொருத்தும் வேலையில் இருந்தவர்கள். அவருடைய கைவேலை உங்களுக்குத் தெரியும். எனக்கு அவர் சூட்கேஸ் கடை வாடிக்கைக்காரர், அப்புறம் சிநேகிதர். கோயம்புத்தூர் எந்திரம் கப்பலேறிய நாட்டுக்கெல்லாம் அவரும் போனார். இந்தோனேசியா, எகிப்து, துருக்கி, ஆப்பிரிக்காவில் பாதி. ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன் என் கடையில் உட்கார்ந்து பெட்டியின் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்ப்பார்.

அப்போதெல்லாம் அந்த மனுஷனுக்கு வாய் கொள்ளாத பேச்சு. "எந்தூருக்குப் போனாலும் ஒரே சனந்தானுங்க பாய். பாஷை தெரியாட்டி என்னங்க, கைய வாய்கிட்ட கொண்டுபோயி சாப்டியான்னு கேக்கறாங்க. அத்தனை பேரும் நம்ம ஒரம்பரைங்க, சொந்தக்காரங்க" என்பார். "ஒரம்பரை ஊட்டுக்குப் போறதுக்கு எதுக்குங்க இத்தாச்சோட்டுப் பெரிய பெட்டி?" என்று நானும் விடமாட்டேன்.

அவருடைய மகள் கல்யாணத்தில்தான் ஏதோ சரியில்லை என்று கண்டேன். நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் பந்தி பந்தியாகப் போய், "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சொந்தபந்தம் சாகும்வரை சொல்லிக்காட்டும். இவரோ மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு ஆத்திரம். "ஏனுங்கண்ணா, மானத்த வாங்கறீங்களே" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அந்தப் பேச்சு எனக்கு வாயில வரமாட்டீங்குதுங்க பாய்" என்றார்.

அங்கே நின்றபடியே சொன்னார். ஆப்பிரிக்காவில் ஒரு மில்லில் அவருக்கு மலேரியா வந்து படுத்தபோது, ஒரு மேஸ்திரி தன் வீட்டில் வைத்துக் கஞ்சி ஊட்டிப் பிழைக்க வைத்திருக்கிறார். இவர் ஊர் திரும்பிய பிறகு அந்த நாட்டில் ஓர் இனத்தார் இன்னோர் இனத்தாரை வீடு புகுந்து வெட்டினார்கள். மில் மறுபடி திறந்ததும் இவரையே அனுப்பினார்கள். அதே மேஸ்திரி ஓடிவந்து கட்டிப்பிடித்தார், வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்.

"எங்கூட வேலை செஞ்ச ரெண்டு பேர் வேற இனத்து ஆளுங்க. அவங்களக் காணோமேன்னு சாப்பிடறப்பக் கேட்டேன். நாங்கதான் போயி முடிச்சுப்போட்டோம்னாருங்க. காட்டுல களை வெட்டிப்போட்டு வந்தவனாட்டச் சொன்னாரு. சொல்லிப்போட்டு, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோன்னு கறிய அள்ளி எந்தட்டுல வெச்சாரு."

"எந்திரிச்சு வந்திருப்பீங்க."

"இல்லீங்க பாய். சாப்பிட்டேன். ருசியாத்தானுங்க இருந்துச்சு."

யா அல்லா! கல்யாண மேளம் உள்ளே முழங்கிக்கொண்டிருந்தது. "கெட்டவனுக்குன்னு தனி மூஞ்சி இருந்தாத் தப்பிச்சுக்கலாமுங்க" என்றார். அதன் பிறகு டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஆட்களை அவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "என்னையும் அப்படித்தான் பாக்கறீங்களா?" என்று கத்திவிட்டேன். "முதல்ல என்னையத்தானுங்க பாக்கறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

பிறகு மதக் கலவரத்தில் நம் ஊரே பற்றி எரிந்த அந்த நாட்கள் வந்தன. யார் ஆரம்பித்தார்கள் என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. கடைகள் எரிந்தன. எங்கள் சந்தில் கதவுகளை அடைத்துக்கொண்டு கிடந்தோம். நடுப்பகலில் கதவு தட்டும் சத்தம். "பாய், நாந்தானுங்க சென்னியப்பன்."

என் கை தாழ்ப்பாள்மேல் அப்படியே நின்றுவிட்டது. என் சம்சாரம் வேண்டாம் என்று தலையாட்டினாள். எத்தனை வருஷப் பழக்கம்! ஆனாலும் அந்த மேஸ்திரி என் கண்முன் வந்து நின்றார். மெல்ல, ஒரு விரற்கடை திறந்தேன். என் முகத்தில் இருந்ததை அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. "தொறக்காதீங்க. பயப்படறதுதானுங்க சரி. நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று படியில் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை, கதவுக்கு முதுகைக் கொடுத்து, வெயிலில். சந்து முனையில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த முதுகு விறைப்பதைக் கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போலீஸ் வண்டிகள் வந்து சந்து அடங்கியதும் வெளியே வந்தேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஒத்த ஆளு நீங்க. கூட்டம் வந்திருந்தா என்னத்தங்க தடுத்திருப்பீங்க?"

"தடுக்கறதுக்கு வரலீங்க பாய்" என்றார். "எங்க தெருவுலயும் ஆள் சேந்துட்டிருந்தாங்க. என்னையும் கூப்புட்டாங்க. அதுல நானும் நின்னுபோடுவனோன்னு பயமாயிப்போச்சு. உங்க வாசல்ல உக்காந்துட்டாப் போக முடியாதில்லீங்க."

கொஞ்ச நாளில் என் கடைக்கும் ஆட்கள் வந்தார்கள், எங்கள் ஆட்கள்தான். எரிந்த கடைகளை எல்லாம் சொல்லி, பதிலுக்கு என்ன செய்யலாம் என்று தணிந்த குரலில் பேசினார்கள். பொய் சொல்ல மாட்டேன், கேட்கக் கேட்க எனக்கு இனித்தது. அது இனிப்பதை உணர்ந்ததும் எனக்கு என்மேலேயே பயம் வந்துவிட்டது. அவர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு, பின்தெருவில் பூ கட்டி விற்கும் ருக்மணியம்மா வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தேன்.

ஊர் ஊராகப் போன மனுஷன் எனக்கென்று விட்டுப்போனது இந்தப் பயம்தான். இதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அன்றைக்கு ருக்மணியம்மா கதவை ஒரு விரற்கடை திறந்து, "என்னங்க பாய்?" என்று கேட்டார். அவர் கை தாழ்ப்பாளை விடவில்லை.

"ஒண்ணுமில்லீங்கம்மா. நீங்க கதவச் சாத்திக்குங்க" என்றேன்.