எண்ணெய் படாத சட்டி

என் கணவர் கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது எங்கள் மகளுக்கு ஒரு வயது. அங்கே ஒரு புடவைக்கடையில் வேலை செய்தவர். ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்து பிழைத்து வந்தார். கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார்கள். குறைக்கச் சொன்னால் குறைத்துவிட்டு நிற்கிறவளா நான்? அடியோடு நிறுத்தினேன்.

அன்றைக்கே எண்ணெய்ப் போத்தலைப் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவிடம் கொடுத்தேன். தேங்காய் துருவியைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் கறி என்றால் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த தண்ணீர்தான். பத்தியம் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர் வேறு.

எங்களுக்கு ஒரே சட்டி. பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்கிற வழக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்திலும் இல்லை, டவுனுக்கு வந்த பிறகும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் எனக்குத் தாய்ப்பாலும் வற்றிப்போயிருந்தது. அவள் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவர் தட்டிலிருந்துதான் வாங்கிச் சாப்பிடுவாள். நடுநடுவே தானும் ஒரு பிடி அள்ளி அவர் வாயில் திணிப்பாள். அவர் தின்றால்தான் அடுத்த வாய். அது அவர்களுடைய விளையாட்டு.

மாதா மாதம் கிளினிக்கில் அவளைத் தராசில் வைத்து நிறுத்தார்கள். நிறை அட்டையில் மேலே ஏற வேண்டிய கோடு படுத்தது, பிறகு இறங்கியது. தலைமுடி செம்பட்டையானது. எழுந்து நிற்கப் பழகியவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். பூச்சி மருந்து கொடுத்தேன். கண்ணூறு கழித்தேன். "நீங்க ஒழுங்கா ஊட்டுறதில்ல" என்று, நோயாளி என்றும் பாராமல் அவரைத் திட்டித் தீர்த்தேன். இரவல் வாங்கிய பிள்ளையைப் போல அவளைத் தூக்கவே எனக்குப் பயமாயிருந்தது.

கடைசியில் கிளினிக்கில் ஒரு யாழ்ப்பாணத்து லேடி டொக்டர் அவளைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு என்ன சாப்பாடு குடுக்கிறியள்?"

"சோறு, பருப்பு, கீரை, கேரட். எண்ணெ ஒரு சொட்டு படாதுங்க டொக்டர்" என்றேன், மெடல் வாங்கப் போகிறவளாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அது நெஞ்சு வருத்தக்காரற்றை சாப்பாடெல்லோ அம்மா! இந்த வயசிலை மூளை வளரக் கொழுப்பு வேணும். கீரையிலை இருக்கிற சத்து உடம்பிலை சேரவும் எண்ணெய் வேணும். பிள்ளையின்ரை வயிறு சின்னன், வெறும் சோறு அதுக்குக் காணாது." பிறகு அட்டையை நீட்டினார். "அடுத்த கிழமையும் நிறை கூடாட்டி வார்ட்டிலை சேர்க்க வேணும்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் போய் என் எண்ணெயையே கடன் கேட்டேன். சின்னக் கோப்பையில் சோறு பிசைந்து ஒரு கரண்டி ஊற்றி ஊட்டினேன். துப்பினாள். மறுநாளும் துப்பினாள். மூன்றாம் நாள் என் கையைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் வாயைப் பிடித்துத் திறந்து திணித்தேன். அந்தப் பாவத்தையும் செய்தேன். எல்லாம் வாந்தியாக வந்தது.

"என் தட்டுல ஊத்து" என்றார் அவர்.

"ஒங்களக் கொல்லச் சொல்றீங்களா?" என்று கத்தினேன்.

நான்காம் நாள், வேறு வழியில்லாமல், அவர் தட்டில் ஊற்றினேன். கொஞ்சம் கூடவே விழுந்தது. சோறு பளபளத்தது. அவர் மடியில் உட்கார்ந்து முதல் வாயை வாங்கினாள். துப்பப்போகிறாள் என்று நான் கையை ஏந்தினேன். மென்றாள். விழுங்கினாள். இரண்டாவதையும் வாங்கினாள்.

பிறகு தட்டில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். அவள் விடவில்லை. அவர் ஊட்டப் போனால் வாயை மூடிக்கொண்டாள். குச்சி விரல்கள் வழியாக எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வாய் சோற்றுக்கு என் அனுமதியை எதிர்பார்த்து நின்ற முகம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. நெஞ்சு நோய் அப்படிச் செய்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். குறைக்கச் சொன்னதை நிறுத்தி, இரண்டு பேரையும் ஒரே சட்டியில் பட்டினி போட்டவள் நான்தான்.

"சாப்புடுங்க" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். பிறகு அவளும் திறந்தாள்.