காலி வேகனில் போன கச்சாயம்

என் காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனிலேயே சொல்லிவிட்டார்கள் என்று பெரியம்மாவுக்குக் கோபம். அப்பாவுடைய அண்ணன் மனைவி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு; ஆனால் எட்டு மாதமாக அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சில்லை. அப்படி இருக்கையில் திடீரென்று ஒருநாள் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு தூக்குப்போசி நிறைய அவரைக்காய் வந்தது. அம்மா அந்தப் போசியைத் தேய்த்த தேய்ப்பில் முகம் பார்க்கலாம். மறுநாள் அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துக் கச்சாயம் சுட்டு அதில் நிரப்பி, மூன்றாம் வகுப்புப் படித்த என்னை நம்பிக் கொடுத்தார்.

“போசிய வெறுசாத் திருப்பிக் குடுக்கக் கூடாது கண்ணு. பெரியம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வா.”

இருகூருக்குப் பக்கத்தில் ஒரு கூட்ஸ் ஷெட்டில் அப்பா கிளார்க். பெரியம்மா வீட்டுக்கு அது வழியே இல்லை. இருந்தாலும் நான் அந்த வழியாகத்தான் போனேன். மக்காச்சோளம் இறக்கிவிட்டு ஒரு கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அதன் பக்கவாட்டில் ஏதோ எழுத்துகள். அது வடக்கத்தி ரயில்வேயின் வேகன் என்றார் அப்பா.

“அவங்க வண்டி நம்மகிட்ட எதுக்குங்கப்பா?”

“அவங்களுது இங்க வரும், நம்முளுது அங்க போகும். அப்படித்தான்.”

“திருப்பிக் குடுத்தர்றதுங்களா?”

“இப்பக் கெளம்பிரும்.”

“காலியாவா?”

“காலியாத்தான்” என்று சிரித்துவிட்டு அவர் காகிதங்களோடு உள்ளே போய்விட்டார்.

எனக்கு மானமே போய்விட்டது. அத்தனை மூட்டை மக்காச்சோளம் அனுப்பியவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பெரியம்மா நம் சொந்தம்தானே, பொறுத்துக்கொள்வார். வேகனின் தரையும் பிளாட்பாரமும் ஒரே உயரத்தில் இருந்தன. போசியை உள்ளே மூலையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆள்கள் கதவைச் சாத்தினார்கள், வண்டியும் கிளம்பியது. பெருமை தாங்கவில்லை.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

“பெரியம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமே சொல்லலீங்க.”

அது பொய்யில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும், வேகன் அதன் ஊருக்கு எப்போது போய்ச் சேரும், கச்சாயம் அதுவரை கெடாதா என்று கேட்டேன். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது. அப்பா அந்த வண்டி போகும் வழியிலிருந்த ஒரு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். கச்சாயத்துக்காக ரயிலை நிறுத்த அங்கே யாரும் தயாராக இல்லை.

“அந்த எழுத்து பேருக்குத்தான் கண்ணு. காலி வேகன எந்த ஊருல கேக்கறாங்களோ அங்க உட்ருவாங்க. அவங்க ஊருக்கே போகோணும்னு இல்ல.”

அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா சேலை மாற்றிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பினார்.

போய் ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. என் குற்றங்களை இருவரும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசுகிறார்கள் என்று பயந்தே போனேன். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, “எம்பட கச்சாயம் எங்க அம்மணி?” என்றார்.

அன்றைக்கு மன்னிக்கப்பட்டது நான் மட்டும்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.